'டேங்க் கிளீனர்' டேங்கை கிளீன் பண்ணுமா பாஸ்? கண்ணாடித் தொட்டியில் தொடங்கி ஏரியில் முடியும் கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் வண்ண மீன் மார்க்கெட் பக்கம் போயிருக்கீங்களா? ஆக்ஸிஜன் அடைச்சு உப்பிப்போன பிளாஸ்டிக் கவர்கள். அதுக்குள்ள கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டுஃபிஷ்னு கலர் கலரா ஒரு கூட்டம். தனித்தனி கப்பில் முறைச்சுக்கிட்டு நிக்கிற ஃபைட்டர்கள். 'சும்மா பார்த்துட்டு வரலாம்'னு போனவங்க யாரும் சும்மா திரும்பி வந்ததா சரித்திரமே இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னால நானும் அப்படித்தான் போனேன். வரும்போது ஆட்டோவில் 2 அடி கண்ணாடித் தொட்டி, ஒரு மூட்டை நீலக் கல், ஒரு ஃபில்டர், 12 மீன்கள்.

முதல் நாள் தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். மூணாவது நாள் காலையில் எழுந்து பார்த்தா, ராத்திரி யாரோ வந்து அரை லிட்டர் ஆவின் பாலை ஊத்திட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பின்பக்கம் ஒட்டியிருந்த பவளப்பாறை ஸ்டிக்கர் தெரியலை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு.

போனில் படம் எடுத்துக்கிட்டு ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் படத்தைப் பாதிதான் பார்த்தார். "புது டேங்க்ல இப்படித்தான் தம்பி ஆகும். ஒரு டேங்க் கிளீனர் போட்டு விடு. அழுக்கெல்லாம் அதுவே சாப்பிட்டுடும். இந்த நீல மருந்துல நாலு சொட்டு விடு, போதும்." விரல் நீளத்துக்கு, கறுப்பாக, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு மீன். கவரின் ஓரத்தில் வாயை ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பார்க்கப் பாவமா, அழகாவும் இருந்துச்சு. வாங்கிட்டு வந்தேன்.

தண்ணி தெளியலை. ரெண்டு மோலி செத்துப்போச்சு. எரிச்சலில் மொத்தத் தண்ணியையும் கொட்டி, கல்லை பக்கெட்டில் போட்டு அலசி, ஃபில்டர் ஸ்பான்ஜை குழாய்க்குக் கீழே வெச்சு வெள்ளை வெளேர்னு கழுவி, புதுத் தண்ணி ஊத்தினேன். ரெண்டு நாள் பளிச். மூணாவது நாள் மறுபடியும் பால்.

மீன் வளர்க்க ஆரம்பிச்ச பத்துப் பேரைக் கேளுங்க, பெரும்பாலும் இதே கதையைத்தான் சொல்வாங்க. இந்தத் தண்ணி ஏன் கலங்குது, அதுக்காக நாம வாங்குற 'கிளீனர்' கடைசியில எங்கே போய்ச் சேருதுங்கிறதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. ரெண்டுக்கும் நடுவில் நம்ம ஊர் ஏரிகள் இருக்கு.

பால் மாதிரி வெள்ளையா ஏன்?

வெள்ளையாகத் தெரிவது அழுக்கு கிடையாது. உயிர். மீன் தின்னாம விட்ட தீனி, அதோட கழிவு இதையெல்லாம் தின்று பெருகுற பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் தண்ணியில் மிதக்கும்போது அது பால் மாதிரி தெரியும். புதுத் தொட்டியில் போட்டிக்கு வேற யாரும் இல்லை, சாப்பாடு ஏராளம். அதனால் திடீர்னு பெருகும். தீனியைக் குறைச்சு சும்மா விட்டால், பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிடும்.

ஆனால் நம்மால் சும்மா இருக்க முடியாதே! மொத்தத் தண்ணியையும் மாத்தி, கல்லையும் ஸ்பான்ஜையும் கழுவுவோம். அப்போ என்ன ஆகும்? மிதக்குறது போய்டும், கூடவே மெதுவாகக் குடியேற ஆரம்பிச்ச நல்ல பாக்டீரியாவும் போய்டும். ஆட்டம் முதல்லேர்ந்து. நான் பண்ணின அதே தப்பு.

அந்த 'நல்ல' பாக்டீரியா கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. மீன் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வெளியே வருது. மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாத்தும். இது ஓரளவு வரை பெரிய பிரச்னை இல்லை. இந்த ரெண்டு வேலையையும் ரெண்டு வேற வேற பாக்டீரியாதான் செய்யும்னு நூறு வருஷத்துக்கு மேல நம்பிக்கிட்டிருந்தாங்க. ரெண்டையும் ஒரே பாக்டீரியா செய்யும்னு 2015-ல்தான் விஞ்ஞானிகள் உறுதி செய்தாங்க. அதை அவங்க கண்டுபிடிச்ச இடங்களில் ஒண்ணு, மீன் பண்ணை ஒன்றின் ஃபில்டர்!

இவங்க தண்ணியில் மிதக்குறவங்க இல்லை. ஸ்பான்ஜ், கல், கண்ணாடின்னு எதிலாவது ஒட்டிக்கிட்டுதான் வாழ்வாங்க. ரொம்ப மெதுவாகப் பெருகுவாங்க. ஒரு புதுத் தொட்டியில் இவங்க முழுசா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நான் 12 மீனை ஒரே நாளில் போட்டேன். குழாயில் வர்ற குளோரின் தண்ணியில் ஸ்பான்ஜைக் கழுவினேன். அதாவது, வாடகைக்கு வந்த நல்ல குடும்பத்தை நானே சாமானோடு தூக்கி வெளியே போட்டுட்டேன்.

இதுக்கு நம்ம அம்மாக்களுக்குத் தெரிஞ்ச வழிதான் சிறந்த வழி. வீட்டில் தயிர் இல்லைன்னா என்ன செய்வாங்க? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறை மோர் வாங்கி பாலில் விடுவாங்கல்ல? அதே மாதிரி, ஆறு மாசமா நல்லா ஓடிக்கிட்டு இருக்குற நண்பனோட தொட்டியிலிருந்து பழைய ஸ்பான்ஜ் ஒரு துண்டு வாங்கி உங்க ஃபில்டரில் வெச்சுப் பாருங்க. நோய் இல்லாத தொட்டியாக இருக்கணும், காய விடாமல் ஈரத்தோடு கொண்டு வரணும். அவ்வளவுதான். பாட்டிலில் பாக்டீரியான்னு விக்கிறதை எல்லாம் அப்புறம் யோசிச்சுக்கலாம்.

தெளிஞ்ச தண்ணியை நம்பாதீங்க

எனக்கு இதுதான் ரொம்ப லேட்டாகப் புரிஞ்சது. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், மீன் வரிசையாகச் சாகும். 'தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, ஏன் சாகுது?'ன்னு புலம்புவோம். பாலாக இருந்த நாளில் என் மீன்களைக் கொன்றது அந்த வெள்ளை நிறமாக இருந்திருக்காது. அதுக்குப் பின்னாடி இருந்த அமோனியாவாகத்தான் இருக்கணும்.

நம்ம ஊரில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல். தண்ணியின் பி.எச் ஏற ஏற, வெப்பம் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும். சென்னையில் பல ஏரியாக்களில் போர்வெல் தண்ணி உப்பும் கடினமுமாக, பி.எச் 7.5-க்கு மேலே இருக்கும். மே மாசம் ஹாலில் இருக்குற தொட்டியின் வெப்பநிலை 31, 32 டிகிரிக்குப் போயிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணியில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும்னா, 32 டிகிரியில் அது 7-ஐ ஒட்டி இறங்கிடும். இது போதாதுன்னு மத்தியானம் கரன்ட் கட். ஃபில்டர் நின்னா மீனுக்கு மட்டும் மூச்சு முட்டுறதில்லை, ஸ்பான்ஜில் இருக்குற பாக்டீரியாவும் ஆக்ஸிஜன் இல்லாமல் சாக ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடுற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிறது, நீங்க வாங்கப்போற அடுத்த ஜோடி மீனைவிட முக்கியம்.

அமோனியாவைப் பார்க்கும் டெஸ்ட் கிட், மல்டிப்ளெக்ஸில் டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்குற செலவுக்குள் கிடைக்கும். ஆனால் பல கடைகளில் நீங்க கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பாங்க.

நீல மருந்து விஷயத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் நீலச் சொட்டு பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சை பிடிச்ச மீனைத் தனியாக ஒரு டப்பில் வெச்சு வைத்தியம் பார்க்க நல்ல மருந்து. மெயின் தொட்டியில் ஊத்தினால் அந்த நல்ல பாக்டீரியாவுக்கே ஆப்பு வைக்கும். ஓரத்து சிலிக்கானும் நீலமாகிடும். என் தொட்டியின் மூலையில் இன்னும் அந்தக் கறை இருக்கு.

சில வீடுகளில் படிகாரம் போடுறாங்க. தாத்தா காலத்தில் குடிநீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணியைத் தெளிய வைப்பாங்களே, அதே தத்துவம்தான். மிதக்குற துகள்களை ஒண்ணாகச் சேர்த்து அடியில் படிய வைக்கும். 'வாட்டர் கிளாரிஃபையர்'னு பாட்டிலில் விக்கிறதும் அடிப்படையில் அதேதான். கண்ணுக்குத் தண்ணி தெளியும், அமோனியா அப்படியே இருக்கும். படிகாரம் பி.எச்-ஐயும் இறக்கிவிடும், அதில் உள்ள அலுமினியம் செவுளைப் பாதிக்கும். பானைக்கு நல்லது, மீனுக்கு வேண்டாம்.

எந்தக் கலர்ல கலங்கியிருக்கு?

எல்லாக் கலங்கலும் ஒரே வியாதி இல்லை. தொட்டி வெச்ச முதல் மணி நேரத்திலேயே சாம்பலாக இருந்தால் அது கல் தூசி. நாம சரியா அலசலைன்னு அர்த்தம். பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. ஜன்னல் வெயில் நேராக விழுதான்னு பாருங்க, லைட்டை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்துங்க. ரொம்பப் பச்சைன்னா மூணு, நாலு நாள் போர்வை போட்டு மூடி வைக்கலாம். அப்போதும் ஏர் பம்ப் ஓடணும். டீ டிகாஷன் கலரில் இருந்தால் மரத்துண்டிலிருந்தோ பாதாம் இலையிலிருந்தோ சாயம் இறங்கியிருக்கு. அதனால் கெடுதல் இல்லை, ஃபைட்டருக்கு அது ரொம்பப் பிடிக்கும். போர்வெல் தண்ணி ஊத்திய கொஞ்ச நேரத்தில் செம்மண் கலர் வந்தால் அதில் இரும்பு இருக்கு. முதல்ல டிரம்மில் பிடிச்சு, ஒரு நாள் காத்து ஓடவிட்டு, படிஞ்ச பிறகு மேல் தண்ணியை மட்டும் எடுங்க.

மெட்ரோ வாட்டர், லாரி தண்ணின்னா குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வெச்சால் பறந்துடும். அவசரம்னா 'ஆன்டி குளோரின்' சொட்டு. சிலர் பாசத்தில் கேன் தண்ணியை ஊத்துறாங்க. ஆர்.ஓ தண்ணியில் தாது உப்புகள் ரொம்பக் குறைவு, பி.எச் நிலையாக நிக்காது. நீங்க குடிக்கிறதாலேயே மீனுக்கும் அது நல்லதுன்னு ஆகிடாது.

வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. அப்படி எடுத்த பழைய தண்ணியிலேயே ஸ்பான்ஜை ரெண்டு பிழி பிழிஞ்சு திரும்ப மாட்டுங்க. தீனி ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. மீன் நம்மைப் பார்த்து வாலாட்டுது, பசிக்குதுன்னு நினைச்சு அஞ்சு தடவை போட்டால் அது திரும்பக் கலங்கலாகத்தான் வரும். தொட்டியின் மேல் ஓரத்தில் ஒரு மணி பிளான்ட் தண்டைச் செருகி, வேர் மட்டும் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி விடுங்க. நைட்ரேட்டை உறிஞ்சும். என் தொட்டியிலேயே செலவில்லாமல் ஒழுங்காக வேலை செய்றது அது ஒண்ணுதான்.

இவ்வளவுதான் விஷயம். இதில் எந்த இடத்திலாவது டேங்க் கிளீனருக்கு வேலை இருந்துச்சா?

அந்தக் கறுப்பு மீன் என்ன செய்யுது?

கொஞ்சம் யோசிச்சாலே புரியும். பால் கலங்கலும் பச்சைக் கலங்கலும் தண்ணிக்குள்ள மிதக்குறது. இந்த மீனோ உறிஞ்சு வாயை எதன் மேலாவது ஒட்டிக்கிட்டுச் சுரண்டித் தின்கிற பிராணி. கண்ணாடியில் படிஞ்ச பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதுவும் குட்டியாக இருக்குற வரைக்கும்தான். மிதக்குற பாக்டீரியாவை அதால் எதுவும் செய்ய முடியாது. மத்த மீனோட கழிவையும் அது சாப்பிடாது. மாறாக, அது போடுற கழிவு இருக்கே... நூல் நூலாகத் தொங்கிக்கிட்டு, கல் மேலெல்லாம் படிஞ்சு கிடக்கும். தண்ணியைச் சுத்தம் பண்ண வாங்கின மீன்தான் தொட்டியிலேயே அதிகமாக அசிங்கம் பண்ற மீன்.

இன்னொண்ணு, அது வளரும். கடைகளில் டேங்க் கிளீனர், சக்கர்னு விக்கிறதில் பெரும்பாலானவை டெரிகோப்ளிக்திஸ் வகை. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ பக்கத்து மீன். ஒண்ணரை அடி வரை வளரக்கூடியது. நீங்க வாங்கினது 2 அடி தொட்டி. ஒரு வருஷத்தில் அது திரும்பக்கூட இடம் இருக்காது. வாலால் அடிச்சுச் செடியைப் பிடுங்கும், ராத்திரி டமார்னு மூடியில் மோதும். வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும்: "பாவம்டா, இதைக் கொண்டுபோய் ஏரியில விட்டுடு. நல்லா இருக்கும்."

அது நல்லாத்தான் இருக்கும். ஏரிதான் நல்லா இருக்காது.

உடம்பு முழுக்க எலும்புத் தகடுதான் கவசம். துடுப்புகளில் முள். கொக்கோ, விராலோ வளர்ந்த மீனை லேசில் விழுங்க முடியாது. தண்ணியில் ஆக்ஸிஜன் குறைஞ்சால் மேலே வந்து காத்தைக் குடிச்சு, வயித்து வழியாகவே சுவாசிச்சுக்கும். அதனால் மத்த மீன்கள் செத்து மிதக்குற சாக்கடைத் தண்ணியிலும் இது தாக்குப்பிடிக்கும். தண்ணியை விட்டு வெளியே எடுத்துப் போட்டாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கரையில் மூணு அடி ஆழம் வரைக்கும் பொந்து தோண்டி முட்டை போடும். ஆண் மீன் வாசலில் காவல் நிக்கும். நூத்துக்கணக்கான பொந்து விழுந்த மண் கரை என்ன ஆகும்? அமெரிக்காவின் புளோரிடாவில் கரைகள் அரிஞ்சு விழுறதுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்றாங்க.

மெக்சிகோவில் இன்ஃபியர்னியோன்னு ஒரு பெரிய நீர்த்தேக்கம். ஒரு காலத்தில் ஜிலேபி மீன் பிடிப்புக்குப் பேர் போனது. 2000-க்குப் பிறகு வலையில் வந்ததில் பெரும்பங்கு இந்த மீன்தான். மீனவர் குடும்பங்கள் நிலைகுலைஞ்சு போச்சு. பிலிப்பைன்ஸில் லகுனா ஏரி, மரிகினா நதி ரெண்டிலும் இதே கதை. அங்கே இதுக்கு மக்கள் வெச்ச பேர் 'ஜேனிட்டர் ஃபிஷ்'. துப்புரவுத் தொழிலாளி மீன்! நம்ம 'டேங்க் கிளீனர்' மாதிரியே. ஒரு பேர் எவ்வளவு பொய் சொல்லும் பாருங்க. ஆந்திராவில் மீனவர்கள் வெச்ச பேர்தான் நேர்மையானது: பேய் மீன்.

இந்தியாவில் வாரணாசி கங்கையிலிருந்து திருவனந்தபுரம் கால்வாய் வரைக்கும் இது பிடிபட்டிருக்கு. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும்தான். ஏரியில் செவுள் வலை விடுறவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் விட்ட வலையில் முள்ளும் தகடுமாக இது மாட்டும். ஒவ்வொண்ணையும் வலையை அறுக்காமல் எடுக்க நேரம் ஆகும், பொறுமை இழந்தால் வலை போச்சு. எடுத்த மீனை வாங்க ஆள் இல்லை. சதை கொஞ்சம், தகடு அதிகம். கரையில் காய விட்டுட்டுப் போறதுதான் வழக்கம். நம்ம வீட்டு ஹாலில் 50 ரூபாய்க்குள் முடிஞ்ச ஒரு வாங்கல், அங்கே ஒருத்தரோட அன்னிக்குக் கூலியைத் தின்னுடுது.

(ஜிலேபியும் வெளிநாட்டு மீன்தானே, 1952-ல் வந்ததுதானேன்னு யாராவது கேட்பீங்க. உண்மைதான். அதுவும் நாட்டு மீன்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. குழம்பில் போட முடிஞ்சதால் மட்டும் தப்பிச்சுக்கிட்டது.)

யார் மேல தப்பு?

'ஏரியில் விட்டவங்க மேல'ன்னு சுலபமாகச் சொல்லிடலாம். அது பாதிதான். கொளத்தூரைச் சுற்றியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வண்ண மீன் உற்பத்தி நிறைய குடும்பங்களுக்குச் சோறு போடுற தொழில். சிமென்ட் தொட்டிகளிலும் மண் குட்டைகளிலும் வளர்க்கிறாங்க. 2015 டிசம்பர் மாதிரி, 2023 மிக்ஜாம் புயல் மாதிரி ஒரு வெள்ளம் வந்தால் குட்டைக்கும் ஏரிக்கும் நடுவில் வரப்பே இருக்காது. கேரளாவில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் அரபைமாவே பிடிபட்டுச்சு. அமேசானில் இருக்க வேண்டிய ராட்சச மீன்! யாரோ வளர்த்தது, வெள்ளம் திறந்துவிட்டது.

கொளத்தூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே ரெட்டேரி. அதைத் தாண்டினால் புழல். நம்ம தொட்டிக்கு ஊத்துற மெட்ரோ வாட்டரில் ஒரு பங்கு வர்றதே புழல், செம்பரம்பாக்கம் மாதிரி ஏரிகளிலிருந்துதான். அந்தத் தண்ணியைத் தெளிய வைக்க வாங்கின மீனை அதே மாதிரி ஓர் ஏரியில்தான் கொண்டுபோய் விடுறோம்.

அரசாங்கம் என்ன செய்யுது? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-லேயே தடை செஞ்சது. இன்னும் அது சந்தைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2017 மே மாசம் மீன் தொட்டிக் கடைகளுக்குன்னு மத்திய அரசு விதிகள் கொண்டு வந்துச்சு. உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாதுங்கிற வரைக்கும் அதில் இருந்துச்சு. வியாபாரிகளோட எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்ப வாங்கிட்டாங்க. அந்த விதிகளில் பல, நடைமுறைக்கு ஒத்துவராத விதிகள்னு நானும் நினைக்கிறேன். ஆனால் குப்பையோடு சேர்த்து எல்லாத்தையும் வீசிட்டாங்க. பக்கத்தில் வங்கதேசம் இந்த சக்கர் மீனை வளர்க்கவும் விற்கவும் தடையே போட்டிருக்கு.

தடை ஒண்ணே போதும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பார்த்த பிறகுமா? தடை போட்ட மறுநாள், வீட்டில் வெச்சிருக்கிற ஆயிரக்கணக்கான பேர் பயத்தில் எங்கே கொண்டுபோய் விடுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல வேண்டியது, வேண்டாத மீனைத் திருப்பிக் கொடுக்க ஓர் இடம். வில்லிவாக்கத்தில் 50 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கொளத்தூர் வியாபாரிகளுக்காக வண்ண மீன் வர்த்தக மையம் கட்டியிருக்காங்க. அங்கே ஒரு மூலையில் நாலு பெரிய தொட்டி வெச்சு, 'வேண்டாத மீனை இங்கே கொடுங்க'ன்னு ஒரு போர்டு மாட்ட எவ்வளவு செலவாகும்? கூடவே, சக்கர் வெச்சிருக்கிற ஒவ்வொரு தொட்டியிலும் 'இது ஒண்ணரை அடி வளரும்'னு ஒரு ஸ்டிக்கர். அதைப் படிச்ச பிறகும் 2 அடி தொட்டிக்காரர் எத்தனை பேர் வாங்குவாங்க?

சீமைக் கருவேலத்துக்கு எதிராக ஊரே கூடிக் கத்துச்சு, கோர்ட் வரைக்கும் போச்சு. ஆகாயத்தாமரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூ அழகாக இருக்குன்னு கொண்டு வந்த செடிதான். இன்னிக்கு அதை அள்ள ஏரி ஏரியாக இயந்திரம் நிக்குது. மீன் தண்ணிக்கு அடியில் இருக்கு, கண்ணுக்குத் தெரியலை. அதனால் சத்தம் வரலைன்னு நினைக்கிறேன்.

கண்ணாடிப் பாசிதான் உங்க கவலைன்னா, காலாவதியான ஏ.டி.எம் கார்டு போதும். ரெண்டு நிமிஷத்தில் சுரண்டி எடுத்துடலாம். கண்டிப்பாக ஓர் உயிர்தான் வேணும்னா நெரைட் நத்தை கேளுங்க. பாசியை நல்லா மேயும், நல்ல தண்ணியில் குஞ்சு பொரிக்காது. ஏற்கெனவே சக்கர் வெச்சிருக்கீங்கன்னா, வாங்கின கடையில் திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேளுங்க. சில கடைகளில் எடுத்துப்பாங்க. இல்லைன்னா பெரிய தொட்டி வெச்சிருக்கிறவங்ககிட்ட கொடுங்க. கூவம், அடையாறு, கோயில் குளம், அபார்ட்மென்ட் கிணறு எதுவும் வேண்டாம். டாய்லெட்டும் வேண்டாம்.

என்னுடையதை நான் கேட்டுப் பார்த்த ரெண்டு கடைகளும் எடுத்துக்கலை. "இவ்வளவு பெருசை யார் தம்பி வாங்குவா?"ன்னு சிரிச்சாங்க. இப்போ அது மொட்டை மாடி ஷெட்டில், 300 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் தனியாக இருக்கு. கொஞ்சம் சுரைக்காயும் ஒரு பழைய மரக்கட்டையும் போட்டிருக்கேன். மழைக் காலத்தில் தொட்டி நிரம்பி வழிஞ்சாலும் மீன் வெளியே போகாமல் இருக்க மேலே வலை கட்டியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் போறதுக்குப் பதிலாக அதுக்குத் தண்ணி மாத்துறேன். இந்த வகை 10, 15 வருஷம் வாழும். இதுக்கு இப்போ வயசு மூணு.